பால்மரப் பெட்டி

"எத்தனை வாட்ஸ்னு கேக்காதீங்க தம்பி. வீட்டுல மொதல்ல என்ன பாட்டு போடுவீங்க, அதச் சொல்லுங்க."

சுங்கைப்பட்டாணியில், ஒரு தாமான் வீட்டின் முன்புறம் காடி நிறுத்தும் இடம்தான் ஸ்பீக்கர் செய்து பழுதும் பார்க்கும் அண்ணனின் பட்டறை. தரையெல்லாம் மரத்தூள். சுவரோரம் விளிம்பு கிழிந்த ஸ்பீக்கர்கள். ஒரு மூலையில், தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு வாடகைக்குப் போய்த் திரும்பிய நான்கு கூம்புக் குழாய்கள். புது ஸ்பீக்கர் வாங்கும் யோசனையில் இருந்தேன். கையில் இருந்த ஜோடியில் பேஸ் இல்லை என்பது என் குறை. அதையும் காடியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தேன்.

அண்ணன் பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். அப்பா அம்மா இருவரும் பால்மரம் வெட்டியவர்கள். கித்தாக் காடு செம்பனையாக மாறியது, சில இடங்களில் செம்பனையும் போய் வீடுகள் முளைத்தன, லயத்துச் சனம் டவுனுக்கு வந்தது. பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அப்படி வந்தவர்கள். "ஆளு டவுனுக்கு வந்துட்டாங்க. காது இன்னும் வரல" என்றார்.

ஒரு கூம்புக் குழாயைத் தூக்கி என் மடியில் வைத்தார். "இதுல டி.எம்.எஸ். ஒவ்வொரு சொல்லும் தெறிச்சி விழும். உறுமி மட்டும் காணாமப் போயிடும்." கூம்பு சின்னதாக இருப்பதால் தணிந்த ஒலியை அது தள்ள முடியாது, சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் தேய்ந்துவிடும். பழைய தொலைபேசியில் குரல் போனதும் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸுக்குள்தான். சொல் புரிய அது போதும். வீட்டு ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கு, ஒரு மீட்டர் தள்ளி, பெரும்பாலும் 85 முதல் 90 டெசிபெல் தரும். கூம்புக் குழாய் 105ஐத் தொடும். சின்ன ஆம்பிளிஃபயரை வைத்துக்கொண்டு தோட்டம் முழுவதையும் எழுப்பிய ரகசியம் இதுதான்.

"மூணு டெசிபெல் கொறஞ்சா ரெட்டிப்பு வாட்ஸ் வேணும். 87 போட்ட பெட்டிக்கு நூறு வாட்ஸ்னா, 90 போட்டதுக்கு அம்பது போதும். அட்டைப் பெட்டியில கொட்டை எழுத்துல போட்ருக்கிற நம்பரப் பாத்து ஏமாறாதீங்க."

பிறகு பாட்டுக்கு வந்தார். பழைய டி.எம்.எஸ்., சுசீலா பாட்டுகளில் குரல்தான் முன்னால் நிற்கும். நடு ஒலி சுத்தமாக வந்தால் ஆறு அங்குல ஸ்பீக்கர் ஒன்றே போதும். 1976-இல் 'அன்னக்கிளி'யோடு வந்த இளையராஜாவுக்கு அது போதாது. எண்பதுகளின் பாட்டுகளில் பேஸ் கிடார் தனியாக ஒரு கதை சொல்லும். எட்டு அங்குல வூஃபர் இருந்தால்தான் அந்தக் கதை கேட்கும். நாதஸ்வரம் கேட்கிறவர் வீட்டில் டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் இருந்தால், உலோக ட்வீட்டர் காதைக் குத்தலாம். துணிக் குமிழ் வைத்தது பெரும்பாலும் இதமாக இருக்கும். உறுமி மேளத்துப் பையன்கள் 15 அங்குலம் கேட்டு வருவார்கள். "வெச்சிக் கொடுத்துடலாம். ஆனா பக்கத்து வீட்டுச் சுவரும் நம்ம சுவரும் ஒண்ணுதானே" என்று சிரித்தார்.

பேசிக்கொண்டே இருந்தாலும் கை நிற்கவில்லை. நம் ஊர்ப் புழுக்கத்தில் ஸ்பீக்கரைச் சுற்றியுள்ள ஃபோம் வளையம் சில வருடங்களில் பொடிந்துவிடும். ரப்பர் வளையம் அதைவிட நாள் தாங்கும். கூலிம் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்க்கும் பையன் ஒருவன் ஓய்வு நாளில் இங்கே கைகொடுக்கிறான். பழைய பசையைச் சுரண்டி, நடுவில் இருக்கும் மூடியைப் பிரித்து, காயிலைச் சுற்றி மெல்லிய பிளாஸ்டிக் துண்டுகளைச் செருகினான். பசை காயும்வரை காயில் காந்தத்தில் உரசாமல் நடுவிலேயே நிற்க வேண்டும். மயிரிழை நகர்ந்தாலும் பாட்டு கரகரக்கும். அவன் மூச்சை அடக்கிக்கொண்டு வளையத்தை ஒட்டினான்.

என் ஜோடியை அண்ணன் திறந்தார். ஒன்றரை வோல்ட் பேட்டரியின் இரு முனையையும் கம்பியில் தொட்டார். ஒரு ஸ்பீக்கரின் கூம்பு வெளியே வந்தது. மற்றதைத் தொட்டார், உள்ளே போனது. "ஒண்ணு தள்ளுது, ஒண்ணு இழுக்குது. பேஸ் எப்படி வரும்?" எப்போதோ ஒரு கடையில் பழுது பார்த்தபோது கம்பியை மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். பத்து நிமிட வேலை, பத்து வெள்ளி. புது ஸ்பீக்கர் யோசனை அங்கேயே முடிந்தது.

மேசைமேல் ஒற்றைப் பெட்டி ஒன்று தயாராக இருந்தது. ஆறு அங்குல ஸ்பீக்கர், பழைய வானொலிப் பெட்டி போல முதுகு திறந்தபடி. செய்து தரக் கேட்டவர் ஓய்வுபெற்ற பால்மரத் தொழிலாளியான ஒரு பாட்டி. சாயங்காலம் மகனோடு வந்தார்.

"பசியாறியாச்சா பாட்டி?" என்றபடி அண்ணன் மின்னல் எஃப்எம் வைத்தார். பாட்டி பெட்டியைத் தடவிப் பார்த்தார்.

"என்னா பலகை இது?"

"பால்மரம்தான். பாலு ஓஞ்ச மரத்த வெட்டி, நாராக்கி, பசை போட்டு அழுத்துன பலகை."

"இதுவா? நீ சொன்னாத்தான் தெரியுது." ஒரு பாட்டு முடியும்வரை நின்று கேட்டார். முகம் தெளியவில்லை. "குரல் சரியா இருக்கு. பழைய ரேடியோல வர்ற அந்த இரைச்சலக் காணோமே?"

"அது பெட்டியில இருந்து வந்ததில்ல பாட்டி, காத்துல வந்தது. எஃப்எம்ல வராது."

பாட்டி கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி, போவுது" என்று மகனைப் பெட்டியைத் தூக்கச் சொன்னார்.