பசியா வரம்

ஊர்ப் பெயர்கள் சில வேளைகளில் நம்மை நின்று எண்ணிப் பார்க்க வைக்கின்றன. பழவேற்காட்டு ஏரியின் நடுவே பசியாவரம் என்றொரு சிற்றூர் உண்டு. அப்பெயரின் மூலம் யாதென்பதை மொழியறிஞர்தாம் கூற வேண்டும். ஆயினும் அதனைப் 'பசியா வரம்' என்று பிரித்துப் படித்து, பசியே எடுக்காத வரம் பெற்ற ஊர் போலும் என்று முதன்முறை கேட்ட அன்று நாம் புன்னகைத்தோம். அப்புன்னகை நெடுநாள் நிலைக்கவில்லை. அவ்வூரில் ஒரு ஞாயிறன்று நாம் உண்ட மதிய உணவே அதற்குக் காரணம்.

2013-ஆம் ஆண்டின் இறுதியில் அவ்வட்டாரத்துப் பங்கு ஒன்றில் நாம் பணியாற்றிக்கொண்டிருந்தோம். அடுத்து வந்த சனவரியில் நம் அக்காளுக்கும் அத்தானுக்கும் திருமண வெள்ளி விழா. அத்தான் அலுவலகக் கோப்புகளோடு முப்பது ஆண்டு வாழ்ந்தவர். எதையும் கணக்குப் பார்த்தே செய்பவர். அவர் வாழ்வில் முதன்முறையாகக் கணக்குப் பாராமல் ஓர் ஆசை கொண்டார். அந்தமானுக்குச் செல்வது, ஒரு வாரம் தீவு தீவாகச் சுற்றுவது. போர்ட் பிளேயர், அங்கிருந்து ஹாவ்லாக், பிறகு நீல் தீவு என்று தாளில் எழுதியே வைத்திருந்தார். (2018-இல் இவ்விரு தீவுகளும் சுயராஜ் தீவு, சாகித் தீவு எனப் பெயர் மாற்றம் பெற்றன.) அக்காளின் ஆசையோ மிகச் சிறியது. "ஒரு வாரம் வேறொருத்தர் கையால ஆக்கின சோத்தைச் சாப்பிடணும், அவ்வளவுதான் தம்பி" என்றார். இருபத்தைந்து ஆண்டுகளில் அடுப்பை அணைத்துவிட்டு அமர்ந்திருந்த நாள் ஒன்றேனும் அவர் நினைவில் இல்லை.

பணம் கட்டியாயிற்று. பணத்தைப் பெற்றுக்கொண்ட பயண முகவர் திசம்பர் நடுவில் கடையைப் பூட்டிக்கொண்டு மறைந்துபோனார். அத்தான் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை என்று அக்காள் தொலைபேசியில் அழுதார். "தீவுதானே வேண்டும்? எங்கள் ஏரியில் இல்லாத தீவா? இங்கே வாருங்கள்" என்று சொல்லிவிட்டோம். "உங்க தீவுல கட்டில் இருக்கா சாமி?" என்று அத்தான் கேட்டார். அக்கேள்வியில் பாதி கேலி, பாதி கோபம்.

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது பழவேற்காடு. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதுவே. பெரும்பகுதி ஆந்திரத்திலும், தென்பகுதி தமிழ்நாட்டிலும் கிடக்கின்றது. நீளம் பெரிது, ஆழமோ பல இடங்களில் இடுப்பளவே. தெற்கே ஆரணி ஆறும் வடக்கே காளங்கி ஆறும் நன்னீர் கொணர, முகத்துவாரத்தின் வழியே கடல் உவர்நீரை அனுப்புகின்றது. இவ்விரு நீரும் கலப்பதனால்தான் இறாலும் நண்டும் மடவையும் அங்கே வளர்கின்றன. முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோனால் ஏரியின் மூச்சு அடைபடுகின்றது. மீனவரின் உலையும் அடங்குகின்றது.

அங்கே சுற்றுலாவுக்கென்று படகு ஏறுதல் அந்நாளில் எளிதன்று என்பதையும் சொல்ல வேண்டும். 2011-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழா நாளில் இன்பப் பயணம் வந்த உறவினர் கூட்டம் ஒன்று படகு கவிழ்ந்து நீரில் மூழ்கியது. 22 பேர் மாண்டனர். காலையில் விழாக் கொண்டாடியோரை மாலையில் கரையில் கிடத்தினர். அதன்பின் சுற்றுலாப் படகுகளுக்குத் தடை வந்தது. ஆகவே நாம் அக்காளையும் அத்தானையும் சுற்றுலாவினராக அன்றி, தெரிந்த குடும்பங்களின் விருந்தினராக, ஊர் மக்கள் அன்றாடம் ஏறும் படகிலேயே அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்தோம். பசியாவரத்துக்கு அன்று பாலம் இல்லை. பள்ளிக்குச் செல்லும் பிள்ளையும், மகப்பேற்றுக்குச் செல்லும் தாயும், சந்தைக்குச் செல்லும் கூடையும் படகில்தான் கரை சேர வேண்டியிருந்தது.

2014 சனவரி முதல் நாள், புதன்கிழமை. இறைவனின் தாய் மரியாவின் பெருவிழாத் திருப்பலிக்குப் பின் மூவரும் பழவேற்காட்டு மகிமை மாதா திருத்தலத்தை வணங்கினோம். போர்த்துகீசியர் காலத்தில் தோன்றிய பழம்பெரும் ஆலயம் அது. பிறகு டச்சுக்காரரின் கல்லறைத் தோட்டத்தைக் காட்டினோம். 1613-இல் கெல்ட்ரியா என்னும் கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரை வாணிகத்தை அங்கிருந்து ஆண்டவர்கள் அவர்கள். கோட்டை இன்று மேடும் புதருமாகிவிட்டது. கல்லறைத் தோட்ட வாயிலில் செதுக்கிய எலும்புருவங்கள் மட்டும் இன்னும் வருவோரை வரவேற்கின்றன. "வெள்ளி விழாவுக்கு நல்ல இடம் காட்டினீங்க சாமி" என்றார் அத்தான். முதன்முறையாகச் சிரித்தார்.

வியாழனன்று ஆரம்பாக்கம் வழியாகச் சென்று இரக்கம் தீவைக் கண்டோம். ஆந்திர எல்லைக்குள் இருந்தும் தமிழ் பேசும் மக்கள் வாழும் தீவு. பசியாவரம், இரக்கம்! இவ்வேரியில் ஊர்ப் பெயர்களே நமக்கு மறையுரை ஆற்றுகின்றன என்று எண்ணிக்கொண்டோம். வழியில் ஆழமற்ற நீரில் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் நின்றன. அவை எழுந்தபோது சிறகின் உட்புறச் செம்மை வானில் பரவியதைக் கண்டு அக்காள் அத்தானின் கையைப் பற்றிக்கொண்டார். நாம் வேறு பக்கம் பார்த்தோம்.

மறுநாள் மாதத்தின் முதல் வெள்ளி. நமக்கு ஆலயத்தில் பணி இருந்தது. அக்காள் பழவேற்காட்டு இசுலாமியப் பெண்கள் பனையோலையில் கூடைகள் முடையும் இடத்துக்குச் சென்று, மாலையில் கோணலான சிறு பெட்டி ஒன்றுடன் திரும்பினார். "நானே முடைஞ்சது" என்றார். சனியன்று இருவரும் பசியாவரம் சென்று தங்கினர். முன்னர் ஒரு முறை தம் மகனின் பள்ளிச் சேர்க்கைக்காக நாம் எழுதிக் கொடுத்த கடிதத்தை மறவாத குடும்பம் அவர்களை ஏற்றுக்கொண்டது. கட்டில் இருந்தது. அவ்வீட்டில் இருந்த ஒரே கட்டில் அது.

ஞாயிறு, சனவரி 5. மூன்று அரசர் திருநாள். தொலைவிலிருந்து வந்த ஞானியர் வெறுங்கையோடு வரவில்லை, காணிக்கையோடு வந்தனர் என்று காலையில் இரு திருப்பலிகளிலும் மறையுரை ஆற்றிவிட்டு, நண்பகலில் நாமும் பசியாவரம் சேர்ந்தோம். வெறுங்கையோடுதான்.

விருந்து காத்திருந்தது. இறால் தொக்கு, மடவை மீன் குழம்பு, நண்டு வறுவல். அவ்வீட்டு அம்மாள் பரிமாறிக்கொண்டே இருந்தார். அவருடைய கணவர் வாயிலில் நின்று விசிறிக்கொண்டிருந்தார். "நீங்களும் உட்காருங்கள்" என்றதற்கு, "நாங்க அப்பவே சாப்பிட்டோம் சாமி" என்றனர். அத்தான் மூன்று முறை சோறு வாங்கி, "அந்தமான்ல இது கிடைக்குமா?" என்று மகிழ்ந்தார். அக்காள் விரல்களை நக்கிக்கொண்டே, "யாரோ ஆக்கிப்போட்டுச் சாப்பிடுறதுல தனி ருசிதான்" என்றார். நாமும் நிறைவாக உண்டோம்.

அன்று மாலை 4.18 மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜி.எஸ்.எல்.வி. டி-5 ஏவப்பட்டது. முந்தைய ஆகஸ்டில் எரிபொருள் கசிவினால் நிறுத்தி வைக்கப்பட்ட ஏவுகலம் அது. நம் நாட்டிலேயே உருவான கிரையோஜெனிக் எந்திரம் முதன்முறை வெற்றி கண்ட நாள் அது. வடக்கே தீப்பிழம்பு எழுந்தது. ஒளி முதலில், சற்றுக் கழித்தே அதன் முழக்கம். கரையெங்கும் பிள்ளைகள் ஆர்ப்பரித்தனர். அத்தான் கைதட்டினார். பெருமையாகத்தான் இருந்தது. 1971 முதல் அத்தீவிலிருந்து ஏவுகலங்கள் புறப்படுகின்றன. அதன் பின்னால் எத்தனை அறிவு, எத்தனை உழைப்பு!

இருட்டிய பின் அக்காள் நம்மைத் தனியே அழைத்தார். குரல் கம்மியிருந்தது.

"தம்பி, ராக்கெட் விடுற நாள்ல இவங்க கடலுக்குப் போகக் கூடாதாமே, உனக்குத் தெரியுமா?"

தெரியும். ஏவும் நாள்களில் பாதுகாப்புக் கருதி மீனவர் கடலுக்குச் செல்லத் தடை விதிக்கப்படும். தெரிந்தே நாம் அந்த உணவுக்கு முன் அமர்ந்திருந்தோம், இணைத்துப் பார்க்கவில்லை.

"பின்னால போய்ப் பார்த்தேன். அவங்க ரெண்டு பேரும் இப்பத்தான் சாப்பிடுறாங்க. காலையில இருந்து முதல் சாப்பாடு. பழைய கஞ்சியும் வெங்காயமும். நாம சாப்பிட்ட இறால் பக்கத்து வீட்டுக்காரம்மா சேத்துல கையால துழாவிப் பிடிச்சு வியாபாரிக்குன்னு எடுத்து வச்சதாம். இவங்க கடன் சொல்லி வாங்கியிருக்காங்க."

நாம் ஒன்றும் பேசவில்லை. அதுவரை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நாம் குருவாக எத்தனை வீடுகளில் உண்டிருக்கிறோம்! எத்தனை பேர் "அப்பவே சாப்பிட்டோம் சாமி" என்று சொல்லியிருக்கின்றனர்! அவர்களில் ஒருவரிடமேனும் "எப்போது?" என்று நாம் கேட்டதில்லை. குருமடத்தில் ஆண்டுக்கணக்கில் இறையியல் பயின்றோம். அந்த ஒரு சொல்லைக் கேட்கப் பயிலவில்லை.

அத்தான் செய்தி அறிந்ததும், கணக்குப் பார்ப்பவர் அல்லவா, உடனே பையிலிருந்து இரண்டாயிரம் ரூபாயை எடுத்து நீட்டினார். அந்த அம்மாள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"சோத்துக்கு விலை சொல்ற பழக்கம் இந்த ஊர்ல இல்லீங்க ஐயா."

அவர் சினந்து சொல்லவில்லை. ஆயினும் அத்தானின் நீட்டிய கை திரும்பி வருவதற்கு நெடுநேரம் ஆயிற்று.

திங்களன்று விடியலில் அக்காள் பக்கத்து வீட்டுப் பெண்களோடு நீரில் இறங்கினார். அவர்கள் பனையோலைப் பறியின் வாரைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு நீரில் குனிந்து, இரு கைகளாலும் சேற்றைத் துழாவி இறாலைப் பிடித்துப் பறிக்குள் இடுவர். சிப்பி விரலைக் கிழிக்கும், முள் குத்தும். நண்பகல் வரை அக்காள் பிடித்தது ஏழு இறால்கள். கிழிந்த விரல்களை அத்தான் நெடுநேரம் தம் உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

அன்று அவ்வீட்டார் கடலுக்குச் சென்று திரும்பினர். கரையில் மீன் ஏலம் நடந்தபோது, வியாபாரிகளுக்கு இடையே அத்தானும் நின்று விலை கூறினார். ஏலத்தை யார் மறுக்க முடியும்? ஒரு கூடை அவருக்கே விழுந்தது. பணத்தைக் கொடுத்துவிட்டு நடந்தவரை அந்த அம்மாள் ஓடிவந்து நிறுத்தி, மீதிச் சில்லறை பதினைந்து ரூபாயை எண்ணி அவர் கையில் வைத்தார். "ஏலம்னா ஏலம்தானே ஐயா" என்றார். அன்றிரவு அக்காளும் அந்த அம்மாளும் சேர்ந்து சமைத்தனர். இரு வீட்டாரும் பக்கத்து வீட்டாரும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்டோம். யாரும் "அப்பவே சாப்பிட்டோம்" என்று சொல்லவில்லை.

பழவேற்காட்டு ஏரியில் மீனவர் கிராமங்கள் சிலவற்றிடையே 'பாடு' என்றொரு முறை வழிவழியாக நிலவுகின்றது. இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் வலை கட்டலாம் என்று சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்வர். ஒருவர் பாட்டில் மற்றொருவர் கை வைப்பதில்லை. நம் தமிழில் பாடு என்றால் உழைப்பு. பாடு என்றால் துன்பம். நம் ஆண்டவரின் துன்பங்களைத் திருப்பாடுகள் என்கிறோம். அவ்வேரிக்கரையில் பாடு என்றால் பங்கு. ஒரு சொல்லுக்குள் எத்தனை உண்மை! விருந்தினராகச் செல்லுமிடமெல்லாம் நாம் யாரோ ஒருவருடைய பாட்டைத்தான் உண்கிறோம். அந்தமானில் உண்டாலும் அப்படியே; அங்கே விலைச்சீட்டு அதனை மறைத்துவிடும். பசியாவரத்தில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை, பின்கட்டு ஒன்றைத் தவிர.

உண்ணாதீர் என்பதன்று நாம் கூற வருவது. அன்போடு இட்ட சோற்றை மறுப்பது இட்டவரை அவமதிப்பதே. இட்டவரும் உண்டாரா என்று கேட்டு உண்ண வேண்டும் என்பதே. பசியா வரம் எவரும் பிறக்கும்போதே பெற்று வந்ததன்று. ஒருவர் பசித்திருந்து மற்றவருக்கு அளிப்பது அது. அளித்தவர் யார் என்று அறியாமலே நம்மில் பலர் அதனைப் பெற்று வாழ்கிறோம்.

செவ்வாயன்று இருவரும் ஊர் திரும்பினர். படகு புறப்படுமுன் அக்காள் தாம் முடைந்த கோணல் பெட்டியை அந்த அம்மாளிடம் கொடுத்தார். அவர் அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது என்னா, ஒரு பக்கமா சாஞ்சிருக்கே" என்று சிரித்து, வாங்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டார். அதற்கு விலை ஏதும் சொல்லப்படவில்லை.

அத்தான் இன்றளவும் அந்தமான் செல்லவில்லை. நம் இல்லத்துக்கு வரும்போதெல்லாம் சோற்றின் முன் அமர்ந்ததும் சமையற்கட்டுப் பக்கம் திரும்பி, "நீங்க சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்கிறார். "ஆச்சு ஐயா" என்று பதில் வந்தால், "எப்ப?" என்று கேட்கிறார்.