செவ்வாயில் பிறந்த பிள்ளைகள்

'சர்வைவிங் மார்ஸ்' ஆடுகிறவர்கள் பெரும்பாலும் புழுதிப்புயலைப் பற்றியும், ட்ரோன்கள் சும்மா நிற்பதைப் பற்றியும்தான் பேசுகிறார்கள். செவ்வாயில் குவிமாடங்கள் கட்டி மனிதர்களைக் குடியேற்றும் இது, பல்கேரியாவின் ஹேமிமாண்ட் நிறுவனம் உருவாக்கி 2018 மார்ச்சில் வந்த விளையாட்டு. ஆரம்பத்தில் ஒரு குவிமாடத்தில் வசிப்பவர் பக்கத்துக் குவிமாடத்துக்கு நடந்துபோகப் பாதையே கிடையாது. ஆட்டக்காரர்கள் விடாமல் கேட்டார்கள். பிறகு இணைப்புப் பாதைகள் வந்தன. நியாயமான கோரிக்கை.

என்னை யோசிக்க வைப்பது வேறொன்று. வசதி குறைந்தால் குடியேறியவர்களுக்குப் பூமி ஏக்கம் வரும். ராக்கெட் ஏறித் திரும்பிவிடுவார்கள். செவ்வாயிலேயே பிறந்த பிள்ளைகளுக்கு அந்த ஏக்கம் வருவதே இல்லை.

இதைப் புனேயின் கட்கியில் பிறந்து வளர்ந்த என்னால் ஏற்க முடியவில்லை. 1817-ல் இங்கே மராத்தியருடன் நடந்த போருக்குப் பின் ஆங்கிலேயர் படைக்காக அமைத்த கன்டோன்மென்ட் இது. 1869-ல் வெடிமருந்துத் தொழிற்சாலை வந்தது. வேலை தேடி வந்த தமிழ்க் குடும்பங்கள் இங்கேயே தங்கிவிட்டன. என் தாத்தாவும் அப்படி வந்தவர்தான். ஓய்வுபெற்றதும் ஊருக்குப் போய்விடலாம் என்றே கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் தெருவில் மராத்தி, வீட்டில் தமிழ் என்று வளர்ந்தோம். வருஷத்துக்கு ஒருமுறை லீவுக்குப் போன அந்த ஊர்மேல் எனக்கும் ஏக்கம் உண்டு, என் தங்கைக்கு என்னைவிட அதிகம். கட்கியை விட்டுப் போகவும் மனசில்லை.

செவ்வாய்ப் பிள்ளைகளுக்கும் இந்த இரண்டு மனசை வைத்து ஒரு விளையாட்டை யாராவது செய்யுங்களேன். முதல் ஆளாக வாங்கி ஆடுவேன்.