வெட்டிய வரிகளுக்கு ஒரு நோட்டு

எழுத வரும் தம்பி தங்கைகள் முதல் வரைவை நீட்டும்போது முகத்தில் ஒரு பூரிப்பு இருக்கும். திருத்திக் கொண்டுவரச் சொன்னால் வடிந்துவிடும். எனக்கு நேர்மாறு. வெள்ளைத்தாள் முன்னால் உட்கார்ந்தால் இன்றைக்கும் வயிற்றைக் கலக்கும். கிறுக்கி முடித்த கைப்பிரதி கைக்கு வந்த பிறகுதான் எனக்கு வேலையே தொடங்குகிறது.

எனக்குத் தொழில் கற்றுத்தந்தவர் ஒரு தமிழாசிரியர். அவரிடம் பேனா கிடையாது, பென்சில்தான். வரிக்கு அடியில் மெல்லிசாக ஒரு கோடு, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி. தன் சொல் ஒன்றைக்கூட எழுதித் தந்ததில்லை. "நீயே பாருப்பா" என்பார். அந்தக் கேள்விக்குறியோடு மல்லுக்கட்டிப் பார்த்தால், பாதி வேளை அந்த வரியே வேண்டாம் என்று தெரியவரும்.

ஒவ்வொரு வரைவையும் முழுசாகக் கையால் படியெடுக்கச் சொன்னவரும் அவர்தான். எழுத எழுத விரல் வலிக்கும். வலிக்கிற விரல் 'அந்த நேரத்தில்', 'என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டான்' போன்றவற்றைத் தானாகவே விட்டுவிடும். செல்போனில் தட்டுகிறவர்களுக்கு இந்த வலி இல்லை. அவர்கள் வாய்விட்டுப் படிக்க வேண்டும். மூச்சு முட்டுகிற இடத்தில் வாக்கியத்தை முறிக்கலாம். ஒற்றும் சந்தியும் கடைசியில். நாளைக்கு வெட்டப்போகிற பத்திக்கு இன்றைக்கு எதற்குச் சந்தி பார்ப்பது?

எங்கள் ஊரில் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருப்பதால், திருத்துவது என்றால் சக்கையைத் தள்ளுவது என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். ஆலையில் சக்கையை யாரும் தூர எறிவதில்லை. கொதிகலனில் எரிவதே அதுதான். வெட்டிய பத்திகளை நானும் தனி நோட்டில் ஒட்டிவைப்பேன். ஒரு கதையில் இடம் கிடைக்காத தென்பெண்ணை வெள்ளம் இன்னொரு கதைக்குத் தொடக்கமாகியிருக்கிறது.

தமிழில் பிரதியைச் செம்மையாக்குவதை ஒரு தொழிலாகவே மதித்துச் செய்தவர் க்ரியா ராமகிருஷ்ணன். 1974இல் பதிப்பகம் தொடங்கி, 2020இல் மறையும்வரை அதே வேலை. 1992இல் வந்த 'க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி' என் மேசையைவிட்டு நகர்ந்ததில்லை. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' நாவல் 1994இல் அங்கிருந்துதான் வந்தது. விருத்தாசலம் பக்கத்துப் பேச்சு அச்சேறியும் பேச்சாகவே இருந்ததைப் பார்த்து எங்கள் பக்கத்தில் பலருக்குத் துணிச்சல் வந்தது.

எல்லோரும் பிரதியை அவரைப்போலத் தொடுவதில்லை. கல்வராயன் மலையிலிருந்து கடுக்காய் மூட்டையோடு இறங்கிவரும் கிழவி ஒருத்தியை எழுதி ஓர் இதழுக்கு அனுப்பினேன். அச்சில் பார்த்தால் வானொலிச் செய்தி வாசிப்பதுபோலப் பேசுகிறாள். கதையில் எதை வெட்டியிருந்தாலும் பொறுத்திருப்பேன். இப்போது பிரதியின் முதல் பக்கத்திலேயே, 'உரையாடலில் கை வைக்கும் முன் கேட்கவும்' என்று எழுதித்தான் அனுப்புகிறேன். சில ஆசிரியர்களுக்கு அது பிடிப்பதில்லை. அவர்களுக்கு நான் அனுப்புவதில்லை.