மலைக்கோட்டை மாநகரில் இரண்டு பகல்கள்

இன்ஷா அல்லாஹ், பொங்கல் விடுமுறைக் கூட்டம் ஓய்ந்தபின் ஒரு வெள்ளி இரவு பட்டினப்பாக்கத்திலிருந்து திருச்சிக்குப் புறப்பட நாடியுள்ளோம். இஷாவை வீட்டிலேயே முழுமையாகத் தொழுதுவிட்டு எழும்பூரில் மலைக்கோட்டை விரைவு ரயிலில் ஏறினால், ஃபஜ்ருக்குத் திருச்சியில் இருக்கலாம். ஞாயிறு இரவு திரும்புகிறோம். இடைப்பட்ட இரண்டு பகல்களைப் பற்றித்தான் வீட்டில் நீண்ட மஷூரா நடந்தது.

பிள்ளைகள் எழுதிய பட்டியலில் பதினோரு இடங்கள் இருந்தன. உம்மாவுக்கு எழுபது வயது கடந்துவிட்டது. முழங்கால் வலியும் உண்டு. பட்டியலைக் கேட்டுவிட்டு, "நீங்க போய்ட்டு வாங்க, நான் ரூமிலேயே ஓதிக்கிட்டு இருக்கேன்" என்றார்கள். அதன்பின் அந்தத் தாள் தேவைப்படவில்லை. காலையில் ஓரிடம், லுஹருக்குப் பின் ஓய்வு, அஸருக்குப் பின் மனம்போல் ஒரு நடை என்று முடிவாயிற்று.

சனிக்கிழமை காலை மலைக்கோட்டை. 83 மீட்டர் உயரமுள்ள குன்று. 400க்கும் மேற்பட்ட படிகள். அவை கோயில்களை ஒட்டியே உச்சிப்பிள்ளையார் சன்னிதிவரை செல்கின்றன. நாங்கள் தெப்பக்குளக் கரையில் நின்று பார்ப்பதாக உள்ளோம். ஒரு குன்றை அறிய அதன் தலையில் ஏறித்தான் தீரவேண்டும் என்பதில்லை. 1751இல் நவாப் முஹம்மது அலி வாலாஜா முற்றுகைக்குள்ளானது இங்கேதான். திருவல்லிக்கேணி பெரிய பள்ளியில் தொழுகிற நமக்கு அவர் அந்நியரல்லர். 1768இல் சேப்பாக்கம் மாளிகையைக் கட்டியவர். 1795இல் சென்னையில் வஃபாத்தாகி, திருச்சி மண்ணில் அடங்கியிருக்கிறார். மாளிகையைப் பேருந்திலிருந்து அன்றாடம் பார்க்கும் பிள்ளைகளுக்கு அதைக் கட்டியவரின் கப்ரையும் காட்ட வேண்டும் என்பது எங்கள் ஆசை. ஆகவே ஞாயிறு காலை நத்தர் வலி தர்காப் பகுதிக்குச் செல்கிறோம். (ஜியாரத் குறித்து நம்மிடையே உள்ள கருத்து வேறுபாட்டை இங்கே கிளறப்போவதில்லை. ஸலாம் சொல்லி, துஆச் செய்து திரும்புவோம்.)

தொழுகைக்குத்தான் கூடுதல் திட்டம் தேவைப்பட்டது. திருச்சி 300 கிலோமீட்டருக்கும் அப்பால் இருப்பதால் எந்த மத்ஹபின் கணக்கிலும் நாங்கள் முஸாஃபிர்களே. லுஹர், அஸர், இஷா இரண்டிரண்டு ரக்அத்துகள். ஃபஜ்ரிலும் மஃரிபிலும் மாற்றமில்லை. நாங்கள் ஷாஃபிகள் என்பதால் லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழலாம். மருமகன் ஹனஃபி, சுருக்குவாரேயன்றிச் சேர்க்கமாட்டார். அவருக்காக அஸர் நேரத்தில் ஒரு பள்ளிவாசலுக்கு அருகிலேயே இருக்குமாறு மாலை நடையை அமைத்தோம். அங்கே உள்ளூர் இமாமைப் பின்பற்றினால் அவர் நான்கு ரக்அத்துகளையும் முழுமையாகவே தொழ வேண்டும். மாலையில் காவிரிக்கரை என்ற யோசனை இதனால் அடிபட்டது. மருமகன் சங்கடப்பட்டார், எங்களுக்கு வருத்தமில்லை.

உம்மாவின் தயக்கம் வேறு. அவர்கள் ஒருமுறைகூடத் தொழுகையைச் சுருக்கியதில்லை. கடமையில் குறை வைத்ததுபோல் மனம் உறுத்துமாம். சூரத்துந் நிஸாவின் 101ஆவது வசனத்தை அவர்களுடன் சேர்ந்து ஓதினோம். அச்சம் நீங்கிய காலத்திலும் சுருக்கலாமா என உமர் (ரலி) அவர்கள் கேட்டபோது, அது அல்லாஹ் தந்த தர்மம், ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற பொருள்பட நபி (ஸல்) அவர்கள் விடையளித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அதையும் எடுத்துச் சொன்னோம்.

உம்மா நெடுநேரம் தஸ்பீஹ் மணிகளை உருட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு, கீழ்ப் படுக்கை கிடைக்குமா என்று மட்டும் கேட்டார்கள். மூத்தோர் ஒதுக்கீட்டில் விண்ணப்பித்திருக்கிறோம்.