மழைக்காலமும் எங்கள் வீட்டு ஆடுகளும்

தேர்வுத் தாள்களைத் திருத்தும் வேலையால் சில வாரங்களாக இந்தப் பக்கம் வர இயலவில்லை. பள்ளியைப் பற்றி இன்று அதிகம் எழுதப் போவதில்லை. எங்கள் ஆடுகளைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

சென்ற வாரம் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன், “டீச்சர், நம்ம நாட்டுல ஏன் குளிர்காலம் வர்றதில்ல?” என்று கேட்டான். நிலநடுக்கோட்டைப் பற்றிச் சொல்லி அவனை அமர வைத்தேன். ஆனால், ஆடு வளர்ப்பவர்களைக் கேட்டால் நமக்கும் ஒரு குளிர்காலம் உண்டு என்பார்கள். நவம்பரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழைதான் அது. சிகாமட் பக்கம் எங்களுக்கு இருப்பது ஒன்றரை ஏக்கர் துண்டு நிலம். பால்மரங்கள் போக, கொஞ்சம் பலா, கொஞ்சம் மரவள்ளி, ஆறு வெள்ளாடுகள்.

இந்த ஆறும் விற்பனைக்கு அல்ல. தீபாவளிக்கு முன் உறவினர் சிலர் வந்து கிடாவைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள். அப்பா காப்பி கொடுத்து அனுப்பிவிடுவார். 2001-இல் எனக்கு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது, துணிமணிக்கும் பயணச் செலவுக்கும் ஐந்து ஆடுகளை ஒரே நாளில் விற்றார். அதன் பிறகு அவர் ஓர் ஆட்டைக்கூட விற்றதில்லை. ஏன் என்று நானும் கேட்டதில்லை.

2006 டிசம்பரில் சிகாமட்டை வெள்ளம் சூழ்ந்தது. அடுத்த மாதமே இன்னொரு முறை. அப்பா ஆடுகளை மேட்டிலிருந்த கோயில் மண்டபத்திற்கு ஓட்டிச் சென்று காப்பாற்றினார். ஆயினும் நனைந்து நடுங்கிய இரண்டு, சில நாள்களில் நெஞ்சுச் சளி கண்டு இறந்தன. “தண்ணி கொல்லல, ஈரந்தான் கொன்னுச்சு” என்று இன்றும் சொல்வார். வெள்ளாட்டின் தோலுக்கடியில் கொழுப்பு மிகக் குறைவு. மழையில் நனைந்து காற்றும் பட்டால் அது தாங்காது. அதனால்தான் எங்கள் கொட்டகையின் தளம் நெஞ்சுயரத்தில் இருக்கிறது. புழுக்கை கீழே விழுவதற்குப் பலகைகளுக்கிடையே விரல் தடிப்பு இடைவெளி. அதைவிட அகன்றால் குட்டிகளின் கால் மாட்டிக்கொள்ளும்.

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரிலேயே அப்பாவின் ஆயத்தங்கள் தொடங்கிவிடும். காற்று வரும் பக்கம் தார்ப்பாய் கட்டுவார். குளம்புகளைச் சீவிவிடுவார். மரவள்ளித் தழையை நிறுத்திவிடுவார். அந்தத் தழையில் நஞ்சு உண்டு. நன்றாக வெயிலில் காய்ந்தால்தான் குறையும். மழை நாளில் வெயிலுக்கு எங்கே போவது? பலாக் கிளைகளைப் பாராங் கத்தியால் வெட்டி வந்து உயரத்தில் கட்டித் தொங்கவிடுவார். வெள்ளாடு தலை நிமிர்ந்து தின்னும் பிராணி, குனிந்து மேய விட்டால் நோயை மேயும் என்பது அவர் பாடம். அந்தப் பாடத்தை நான் பாதிதான் படித்திருந்தேன்.

சென்ற ஆண்டு முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பின் அப்பா ஆறு வாரங்கள் அண்ணன் வீட்டில் தங்கினார். ஆடுகள் என் பொறுப்பு. காலை ஆறரைக்கு நான் பள்ளிக்குக் கிளம்ப வேண்டும். தழை வெட்ட நேரமில்லை. கொட்டகையைத் திறந்து, வேலியடைத்த புல்வெளியில் இருட்டோடு விட்டுவிட்டுப் போவேன். புல்லெல்லாம் பனியும் மழைநீருமாக இருக்கும். ஆடுகள் புழுக்கையோடு வெளியேற்றும் முட்டைகளிலிருந்து வரும் புழுக்குஞ்சுகள் அந்த ஈரத்தில்தான் புல்லில் ஏறுகின்றன. ஆட்டின் நான்காம் இரைப்பையில் ஒட்டி இரத்தம் குடிக்கின்றன. மாணவர்களுக்கு ஒட்டுண்ணி என்றால் என்ன என்று விளக்கியவள்தான் நான்!

ஒரு மாதம் கழித்து, மைனா என்ற நான்கு மாதக் குட்டி மந்தமாக நின்றது. கழிச்சல் இல்லை. ஆகவே புழுவாக இருக்காது என்று நினைத்தேன். தாடைக்கடியில் ஒரு வீக்கம் தெரிந்தது. பிள்ளை நன்றாகக் கொழுத்துவிட்டாள் என்றுகூட மகிழ்ந்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. அது இரத்தம் வற்றியதால் நீர் கோத்த வீக்கம்.

அப்பா திரும்பிய அன்று மாலை குட்டியை மடியில் வைத்துக் கீழ் இமையை விரலால் மெல்ல இழுத்தார். உள்பக்கம் சிவந்திருக்க வேண்டிய இடம் தாள்போல் வெளுத்திருந்தது. “கண்ணைப் பார்க்கலையாம்மா?” என்று மட்டும் கேட்டார். அன்றிரவே மைனா இறந்துவிட்டாள். அதற்குமேல் அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

பின்னர் படித்துத் தெரிந்துகொண்டேன். இந்த இமைச் சோதனைக்கென்றே தென்னாப்பிரிக்காவில் ஓர் அட்டையை உருவாக்கியிருக்கிறார்கள். அடர்சிவப்பு முதல் வெள்ளை வரை ஐந்து நிறங்கள். வெளுத்த ஆட்டிற்கு மட்டும் மருந்து தர வேண்டும். எல்லா ஆட்டிற்கும் அடிக்கடி கொடுத்தால் புழுக்கள் மருந்துக்குப் பழகிவிடும். அட்டையைக் காணாமலே அப்பா இதைத்தான் செய்து வந்திருக்கிறார்.

இந்த ஆண்டு அவரால் கொட்டகைப் படியில் ஏற முடியவில்லை. கீழே நாற்காலி போட்டு அமர்ந்துகொள்கிறார். சனிக்கிழமைதோறும் நான் ஏறி ஒவ்வோர் ஆட்டின் இமையையும் பார்க்கிறேன். மாணவர் பயிற்சிப் புத்தகம் ஒன்றில் பெயர்களை எழுதி நிறத்தைக் குறிக்கிறேன். வேலைநாள்களில் புல் காயும்வரை அவை வெளியே போவதில்லை. முந்தைய நாள் மாலையே தழை வெட்டிவிடுகிறேன்.

நேற்றுச் சோதனையில் ஐந்து ஆடுகள் நல்ல சிவப்பு. ஆறாவது மைனாவின் தாய்.

“என்ன நிறம்?” என்றார் அப்பா.

“சிவப்புதான்ப்பா. கொஞ்சம் வெளிர்.”

“எந்த மாதிரி வெளிர்? ரோஜாவா, கொய்யாவா?”

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தகரக் கூரையில் மழை பலமாக விழுந்தது. தார்ப்பாய் கட்டியதில் உள்ளே வெளிச்சமும் குறைவு.

“விடும்மா. மழை விட்டதும் கீழ கொண்டா. வெளிச்சத்துல ரெண்டு பேருமா பார்ப்போம்” என்றார்.