உப்பு வண்டி

'கேரவன்' என்ற சொல் தமிழுக்குச் சினிமா வழியாகத்தான் வந்தது. படப்பிடிப்புத் தளத்தில் நட்சத்திரங்கள் ஓய்வெடுக்கும் குளிரூட்டிய வண்டி. அதற்குள் ஒரு கழிவறை இருக்கிறது என்பதே எனக்கு அதைப் பற்றிய முக்கியமான செய்தி. மலையாளப் படப்பிடிப்புகளில் கழிவறை இல்லாததால் பெண்கள் தண்ணீரே குடிக்காமல் இருப்பதை, 2024 ஆகஸ்டில் வெளியான ஹேமா குழு அறிக்கை பதிவு செய்திருந்தது. அதை வகுப்பில் சொன்னபோது என் மாணவிகள் யாரும் ஆச்சரியப்படவில்லை. வேம்பாரிலிருந்து மணப்பாடு வரை கடற்கரை ஊர்களில் பாட்டும் கதையும் சேகரிக்க நான் அழைத்துப் போகும் பிள்ளைகள் அவர்கள். கையில் தண்ணீர்ப் பாட்டில் இருக்கும். மாலைவரை மூடியைத் திறக்கமாட்டார்கள்.

அதனால்தான் வண்டி. நானும் என் மதினியும், செவிலியராக இருந்து ஓய்வு பெற்ற சிநேகிதி ஒருவரும் பணம் போட்டுப் பழைய வேன் ஒன்றை வாங்கினோம். கரூரில் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் கொடுத்து இரண்டு படுக்கை, ஒரு அடுப்பு, ஒரு கழிவறை வைத்துக்கொண்டோம். ஆர்.சி. புத்தகத்தில் மாற்றம் பதிய அலைந்தது தனிக்கதை. வண்டி வந்து சேர்ந்த பிறகுதான் இன்னொரு கேள்வி வந்தது: இதை யார் கழுவுவது?

உள்ளே கழுவுவது பற்றி யாரும் கேட்கவில்லை. மூன்று பெண்கள் இருக்கும்போது அது ஏற்கெனவே தீர்ந்துபோன விஷயம். கேள்வியெல்லாம் வெளிப்புறம் பற்றியதுதான். எங்கள் தெருவில் மோட்டார் சைக்கிளை ஆண்பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் போட்டுக்கொண்டு கழுவுவார்கள். அதே வீட்டில் அம்மா பின்கட்டில் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்கும். பெண்கள் வெளியே நின்று கழுவுவது வாசலை மட்டும்தான், அதுவும் குனிந்து. நான் ஏணி வைத்து ஏறி நின்ற முதல் நாள் எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து, "ஆள் விட்டுக் கழுவலாமே டீச்சர்" என்றார். அடுத்த நிமிடம் ஏணியை எப்படிச் சாய்க்கவேண்டும் என்று எனக்குப் பாடம் எடுக்கத் தொடங்கினார். அவர் சொன்ன சாய்வு தவறு என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

ஆள் விட்டும் பார்த்தோம். வாட்டர் வாஷ் கடையில் பிரஷர் துப்பாக்கியை ஜன்னல் ரப்பருக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்து அடித்தார்கள். அன்றிரவு உள்ளே மெத்தை ஓரம் நனைந்திருந்தது. வீட்டு வண்டியின் சுவர் லாரிச் சுவர் அல்ல. தகடு, பலகை, ஃபைபர் எல்லாம் சேரும் கோடுகளில் சீலன்ட் பூசி ஒட்டியது. வேகத் தண்ணீர் அந்தக் கோட்டைக் கிழித்து உள்ளே போய்விட்டால் பலகை உள்ளுக்குள்ளேயே மக்கும். வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும். ஃப்ரிட்ஜுக்குக் காற்றுப் போகும் துளைகளிலும் அப்படித்தான். கழுவி முடித்ததும் அந்தக் கடைப் பையன், "அடியில டீசல் அடிச்சி விடட்டுமா மேடம்?" என்று கேட்டான். நம் ஊரில் இது ஒரு சடங்கு. டீசல் அடித்தால் அடிப்பக்கம் பளபளக்கும். ஆனால் ரப்பர் புஷ்கள் ஊறிக் கெடும், புழுதியும் நன்றாக ஒட்டும். வேண்டாம் என்றேன். நம்பாமல் பார்த்தான்.

எங்கள் ஊரில் கழுவுவதன் முக்கியமான காரணம் அழுக்கு அல்ல, உப்பு. குஜராத்துக்கு அடுத்து இந்தியாவில் அதிகமாக உப்பு விளைகிற பகுதி இது. காற்றிலேயே உப்பு இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் முக்கால்வாசியைத் தாண்டினால் உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக்கொண்டு கரைந்து நிற்கும். கடல்நீரில் சோடியம் குளோரைடோடு மக்னீசியம் உப்புகளும் இருப்பதால் அதற்கும் குறைந்த ஈரத்திலேயே நசநசக்கத் தொடங்கும். அதாவது மழையே பெய்யாவிட்டாலும் தூத்துக்குடியில் நிற்கும் வண்டி ராத்திரி முழுக்க உப்புத் தண்ணீரில் நனைந்தே நிற்கிறது. இதோடு துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரியின் கரித்தூள், அனல்மின் நிலையச் சாம்பல். சாம்பல் மாவு மாதிரி தெரியும். ஆனால் அதில் கண்ணாடித்தன்மையுள்ள நுண்மணிகள் உண்டு. உலர்ந்த துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் பெயின்டில் நூல் நூலாகக் கீறல் விழும்.

மதினி இருபது வருடத்துக்கு மேல் உப்பளத்தில் வேலை பார்த்தவள். இருட்டோடு எழுந்து போய், வெயில் ஏறுமுன் உப்பை வாரித் தலையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டிவிட்டு வருகிற வேலை. வெண்மையில் பட்டுத் தெறிக்கும் வெயிலில் கண் கெடும், பாதம் வெடிக்கும், வெடிப்பில் உப்பு இறங்கும். அவளுக்கு உப்பைப் பற்றி யாரும் பாடம் எடுக்கவேண்டாம். வண்டியின் கதவில் விரலை வைத்து, நாக்கில் தொட்டுப் பார்ப்பாள். கரித்தூள் இருக்கும் மைனி, வேண்டாம் என்றால் கேட்கமாட்டாள். "இன்னும் கரிக்கி, ஏ பிள்ள. சக்கரத்துக்கு உள்ள ஊத்தவே இல்லியே நீ." அவள் சொல்வதுதான் சரி. கண்ணில் படும் பக்கத்தைவிட சக்கர வளைவு, அடிச்சட்டம், கதவின் கீழ்விளிம்பு ஆகியவைதான் முதலில் துருப்பிடிக்கும். மணப்பாட்டு மணலில் நின்றுவிட்டு வந்தால் மறுநாள் காலையிலேயே அடியைக் கழுவிவிடுகிறோம்.

தண்ணீர்தான் சங்கடம். எங்கள் தெருவில் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்புக் கரிக்கும். அதில் கழுவினால் உப்பைத் துடைத்துவிட்டு உப்பைப் பூசியதாகும். மாநகராட்சிக் குழாயில் வருவது தாமிரபரணித் தண்ணீர். அதற்காகக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு நிற்கும் பெண்களின் முன்னால் ஹோஸ் பைப்பைத் திறந்துவிட எனக்குக் கை வராது. சிநேகிதி ஒரு வழி கண்டுபிடித்தார்: செடிக்கு மருந்தடிக்கும் கைப்பம்பு, மருந்தே படாத புதுசு. மென்மையாக, ஆனால் எட்டும் தூரத்துக்குத் தெளிக்கும். அழுக்கு ஊறும்வரை தெளித்துவிட்டுக் காத்திருந்தால் பத்துப் பன்னிரண்டு குடத்தில் முழு வண்டியும் முடிந்துவிடுகிறது.

முதல் தெளிப்பு மேலிருந்து கீழே. சோப்பு போடுவது மட்டும் கீழிருந்து மேலே. மதினிக்கு இது இன்னும் ஒப்பவில்லை. வீட்டுச் சுவரை யாராவது கீழேயிருந்து கழுவுவார்களா என்கிறாள். காயத் தொடங்கிய சுவரில் மேலிருந்து சோப்பு வழிந்தால் கோடு கோடாகத் தங்கிவிடும், அதற்காகத்தான். சுவர் நன்றாக நனைந்திருந்தால் எப்படிச் செய்தாலும் பெரிய வித்தியாசமில்லை என்று நான் நினைக்கிறேன், ஆனால் அவளிடம் சொன்னதில்லை. இரண்டு வாளி வேண்டும்: ஒன்றில் வண்டிக்கான ஷாம்பூ, மற்றதில் துணியை அலச வெறும் தண்ணீர். பாத்திரம் கழுவும் சோப்பு மெழுகுப் பூச்சை உரித்துவிடும். ஜன்னல்கள் கண்ணாடி அல்ல, அக்ரிலிக். அவற்றுக்கு மதினியின் பழைய நூல்சேலைத் துண்டு, நிறையத் தண்ணீர், அவ்வளவுதான். தின்னர், பெட்ரோல், ஸ்பிரிட் எதுவும் படக்கூடாது. மயிரிழை வெடிப்பு ஓடிவிடும். வெயிலில் செய்யக்கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: தகடு சுட்டுக் கிடக்கும்போது தண்ணீர் காய்ந்து திட்டாகும்.

கூரைதான் ஆபத்து. நனைந்த ஃபைபர் பாசி பிடித்த கிணற்றுப்படி மாதிரி. நாங்கள் கூரையில் ஏறுவதில்லை. ஏணியில் நின்று நீளக்கம்புப் பிரஷால் எட்டுகிற மட்டும். எட்டாவிட்டால் இறங்கி ஏணியை நகர்த்தவேண்டும், சாய்ந்து எட்டக்கூடாது. ஒருத்தி மேலே என்றால் ஒருத்தி ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், அவள் கையில் வேறு வேலை இருக்காது. நைட்டியும் சேலையும் ஏணிப்படியில் மாட்டும், ஹவாய் செருப்பு வழுக்கும். நான் அண்ணனுடைய பழைய பேன்ட்டும் பிடிமானமுள்ள ஷூவும் போட்டுக்கொள்கிறேன். தெரு அதையும் பார்த்துப் பழகிக்கொண்டது. எல்லாவற்றுக்கும் முன் தலைக்கு மேல் பார்க்கவேண்டும். 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூருக்கு அருகே களிமேட்டில் தேர் உயரழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். நம் தெருக்களில் கம்பிகள் கைக்கெட்டும் உயரத்தில் தொங்குகின்றன. அலுமினிய ஏணியும் நனைந்த கையும் அதற்குக் கீழே போகவே கூடாது. வண்டியைக் கம்பியில்லாத இடத்துக்கு ஓட்டிப்போய், வெளி மின்இணைப்பைப் பிடுங்கி, எரிவாயு வால்வை மூடிவிட்டுத்தான் வாளியை எடுக்கிறோம்.

பெரும்பாணாற்றுப்படையை நடத்தும்போதெல்லாம் நான் உமணர் வண்டியில் நின்றுவிடுவேன். கடற்கரை உப்பை உள்நாட்டுக்கு ஏற்றிப்போகும் அந்த வண்டியில் கோழிக்கூடு இருக்கிறது, சிறு உரல் தொங்குகிறது, காடிப் பானை இருக்கிறது. முழு வீடும் நகர்ந்து போகிறது. மாடுகளை அதட்டி ஓட்டுகிறவள் கைக்குழந்தையோடு இருக்கும் ஒரு பெண். ஆண்கள் பக்கத்தில் நடந்து வருகிறார்கள். கடியலூர் உருத்திரங்கண்ணனார் இதை வியப்பாகச் சொல்லவில்லை, வழியில் பார்க்கக்கூடிய ஒரு காட்சியாகச் சொல்லிவிட்டுப் போகிறார். சிறுபாணாற்றுப்படையில் உமணர் வளர்த்த குரங்கு, கிளிஞ்சலுக்குள் முத்தைப் போட்டு அவர்கள் பிள்ளைகளோடு கிலுகிலுப்பை ஆட்டுகிறது. வண்டி அச்சு முறிந்தால் மாற்ற உபரி அச்சு கட்டிவைத்திருந்ததை ஔவையார் புறநானூற்றில் உவமையாக்கியிருக்கிறார். இவ்வளவு நுணுக்கமாக வண்டியைப் பார்த்தவர்கள், உப்பு ஊறிய அதன் பலகையை யார் கழுவினார்கள் என்று சொல்லவில்லை. வகுப்பில் இதைக் கேட்டால் பிள்ளைகள் சிரிப்பார்கள், பிறகு பேசாமல் இருப்பார்கள். மதினிக்குக் கதையைச் சொன்னேன். "அவதான் கழுவிருப்பா, வேற யாரு?" என்றாள்.

எங்கள் வண்டியின் வெளிப்புறத்தில், பின்சக்கரத்துக்கு மேலே, ஒரு சிறிய கதவு இருக்கிறது. அதைத் திறந்தால் கழிவறையின் பெட்டி உருவி வெளியே வரும். வாட்டர் வாஷ் கடையில் அந்தக் கதவைத் துடைக்கவே மறுத்துவிட்டார்கள். "அதுக்கு வேற ஆளு இருக்கு மேடம், சொல்லிவிடட்டுமா?" யார் அந்த வேற ஆள் என்று எனக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும். மனிதரைக் கொண்டு மலம் அள்ளவைப்பதைத் தடுக்கும் சட்டம் 2013இல் வந்தது. அந்தக் கடைவாசலில் நின்றபோது அது வந்ததாகவே தெரியவில்லை. மாணவிகளுக்காக வாங்கிய கழிவறைக்கு இன்னொருவரின் சாதியை வாடகைக்கு எடுப்பதென்றால், தண்ணீர் குடிக்காமலே நாங்கள் சுற்றியிருக்கலாம்.

ஆகவே அது முறைவைத்து எங்கள் வேலை. பெட்டியைச் செப்டிக் டாங்கோடு இணைந்த கழிவறையில் மட்டும் கொட்டுகிறோம். கடற்கரையிலோ சாக்கடையிலோ இல்லை. முழங்கை வரை கையுறை, முகத்தில் கண்ணாடி. பிளீச்சிங் பவுடரையும் கழிவறை ஆசிட்டையும் ஒருபோதும் ஒன்றாகச் சேர்ப்பதில்லை. சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூடிய இடத்தில் ஆளையே கொல்லும். சிநேகிதி இதைப் பெரிய எழுத்தில் எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறார்.

போன மாதம் வேம்பாரிலிருந்து திரும்பியதும் இறுதியாண்டு மாணவி ஒருத்தி, நான் சொல்லாமலே வந்து அந்தக் கதவைத் திறந்தாள். "மொதல்ல கையுறை" என்றார் சிநேகிதி. மதினி குடத்தைச் சாய்த்துப் பிடிக்க, அவள் பெட்டியை மூன்று தடவை அலசினாள். நான் அதற்குள் சீலன்ட் கோடுகளில் விரலை ஓட்டிக்கொண்டு வந்தேன். இடப்பக்க ஜன்னலின் மேல்மூலையில் ஒரு வெடிப்பு. மழைக்கு முன் பூசவேண்டும். பெட்டியை வெயிலில் கவிழ்த்துவைத்து, கைகழுவிவிட்டு, நால்வரும் டீ குடிக்கப் போனோம்.