அழைப்பாரற்ற நிரல்

திங்கட்கிழமை

மொத்த வியாபாரக் கடை ஒன்றுக்காக எழுதப்பட்டு, பல கைகள் மாறி எங்களிடம் வந்து சேர்ந்திருக்கும் பைதான் மென்பொருளில், எவரும் அழைக்காத பகுதிகளைக் கண்டுபிடித்து நீக்கும் பணியை இன்று ஆரம்பித்தோம். உபயோகமற்ற ஃபங்ஷன் யாருக்கும் தீங்கு செய்யாது என்ற எண்ணம் நம் தொழிலில் ஆழ வேரூன்றியிருக்கிறது. ஆனால் புதிதாக வருகிறவர் அதையும் வாசித்துப் பொருள் கண்டாக வேண்டும், பைதானின் பதிப்பு உயரும்போது அதையும் திருத்தியாக வேண்டும் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த எண்ணம் எவ்வளவு பிழையானது என்பது விளங்கும்.

‘வல்ச்சர்’ என்னும் கருவி, நிரலை ஓட்டாமல் வாசித்து மாத்திரம் பார்த்து, எங்கும் பயன்படாத பெயர்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றிலும் தனக்குள்ள நிச்சயத்தைச் சதவீதமாகவும் சொல்லிவிடுகிறது. ரிட்டர்னுக்குப் பின் எழுதப்பட்டு ஒருபோதும் எட்டப்படாத வரிகளுக்கு 100, இம்போர்ட்டுக்கு 90, ஃபங்ஷனுக்கோ 60தான். மனிதனுடைய விவேகத்துக்கு வேலை இருப்பது இந்த 60-இல்.

செவ்வாய்க்கிழமை

பட்டியலில் முதலில் நின்ற ஃபங்ஷன், பில்லைத் திரையில் காட்டுவது. நிரலில் அதன் பெயரைச் சொல்லி எவரும் அழைக்கவில்லை என்பது வாஸ்தவமே. ஆனால் பிரவுசரிலிருந்து கோரிக்கை வரும்போதெல்லாம் ‘ஃபிளாஸ்க்’ என்னும் வலைக் கட்டமைப்பு அதை அழைக்கிறது. அடுத்தது ‘வாட்’ வரியைக் கணக்கிடும் ஃபங்ஷன். 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. அமலுக்கு வந்துவிட்டபடியால் புதிய பில்லுக்கு அது தேவையில்லை. பழைய பில்லை மறுபடி அச்சிடும்போதும், அன்று சேமித்த தொகையே எடுக்கப்படுகிறது என்பதை வரி வரியாகப் பார்த்து நிச்சயித்துக்கொண்ட பிறகே அதை நீக்கினோம். மார்ச் மாதக் கணக்கு முடிப்பில் மட்டும் ஓடும் ஃபங்ஷன் ஒன்று உண்டு. லாகில் பல மாதங்களாக அதன் சுவடே இல்லை என்பதற்காக அதை நீக்குவது பெரும் அவிவேகம்.

புதன்கிழமை

பயனற்ற நிரலால் விளையும் அனர்த்தத்துக்கு, 2012 ஆகஸ்டு 1 அன்று அமெரிக்காவின் நைட் கேப்பிடல் என்னும் பங்கு வர்த்தக நிறுவனத்துக்கு நேர்ந்ததைவிடப் பெரிய சாட்சியத்தை நான் அறியேன். ‘பவர் பெக்’ என்ற வசதியை 2003-இலேயே கைவிட்டிருந்தும், அதன் நிரலை அவர்கள் சர்வர்களிலிருந்து அகற்றவில்லை. போதுமான பங்குகள் வாங்கியாயிற்று என்று கணக்குப் பார்க்கும் பகுதியை 2005-இல் இடம் மாற்றியபோதும், பவர் பெக்கை மறுபடி சோதிக்கவில்லை. பின்னர் புதிய வசதி ஒன்றுக்காக, அந்தப் பழைய நிரலை இயக்கிவந்த அதே ஃபிளாகை எடுத்தாண்டார்கள். எட்டு சர்வர்களில் ஒன்றுக்குப் புதிய நிரல் போய்ச் சேரவில்லை. சந்தை திறந்ததும் அந்த ஒரு சர்வரில் பவர் பெக் விழித்துக்கொண்டு, 212 சிறு ஆர்டர்களை நிறைவேற்றப் புகுந்து, சுமார் 45 நிமிஷங்களில் 40 லட்சம் பரிவர்த்தனைகளைச் செய்துவிட்டது. நஷ்டம் 46 கோடி டாலருக்கும் மேல். அன்று ஒரு சர்வரை விட்டுவிட்ட ஊழியரைக் குறை சொல்வது சுலபம். என் அபிப்பிராயத்தில், குற்றம் 2003-இல் செய்யப்பட்டது.

வெள்ளிக்கிழமை

வெளியிலிருந்து எடுத்த லைப்ரரிகளின் முறை இன்று. ஒன்றை அகற்றும்போது, அதனோடு வந்த துணை லைப்ரரிகளை, லைப்ரரிகளை நிறுவும் கருவியான ‘பிப்’ அகற்றுவதில்லை. ஆகையால் புதிய சூழலில் எல்லாவற்றையும் முதலிலிருந்து நிறுவி, டெஸ்ட்டுகளை ஓட்டிப் பார்த்தோம். படங்களைக் கையாளும் ‘பில்லோ’ லைப்ரரியை நிறுவுவது ஒரு பெயரில், இம்போர்ட் செய்வது ‘பி.ஐ.எல்.’ என்ற மற்றொரு பெயரில். வெறும் தேடலை நம்பியவர் அதைத் தவறாகக் கழித்துவிடக்கூடும்.

சக தொழிலாளருக்கு ஒரு வேண்டுகோள். நீக்க வேண்டிய நிரலைக் கமென்ட்டாக்கி வைக்காதீர்கள். கமிட் செய்த வரிகளெல்லாம் கிட் வரலாற்றில் பத்திரமாக இருக்கின்றன. நீக்கத்தை, வேறெந்த மாற்றமும் கலவாத தனிக் கமிட்டாக, காரணத்தையும் எழுதிச் சேர்த்துவிடுங்கள்; நாளை அது வேண்டுமென்று வருகிறவர் ஒரே கட்டளையில் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்வார்.